பின் கதவிலிருந்து பார்த்தால்

கார் வாங்குவதற்கு முன் நாங்கள் ஓட்டிப் பார்த்த செடான்களில் அது மூன்றாவது. அதன் கூரையைப் பார்த்த உடனேயே என் மனம் அதில் விழுந்துவிட்டது. முன் கண்ணாடியோடு ஏறி, ஓட்டுநரின் தலைக்கு மேல் உச்சியைத் தொட்டு, அங்கிருந்து டிக்கி மூடியின் நுனிவரை ஒரே சரிவாக இறங்கும் கூரை. நான் பானெட்டுக்கு முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின் கதவைத் திறந்து, வழக்கம்போல முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை உள்ளே எடுத்து வைக்கப் பார்த்தார். 'டொக்' என்று ஒரு சத்தம்.

பெரிய அடி இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "முன்னால் உட்காருகிறவர்களுக்காகச் செய்த வண்டி இது" என்றார். எத்தனையோ கார் விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்தக் குடும்பக் காரைப் பார்த்தாலும் முதலில் பின் கதவைத்தான் திறக்கிறேன்.

இந்தச் சரிவுக் கூரை சும்மா வந்ததில்லை. 2004இல் மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.எஸ். வந்தபோது, நான்கு கதவுள்ள காருக்கும் கூபேயின், அதாவது சரிவுக் கூரையுள்ள இரண்டு கதவுக் காரின், உடல்வாகைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். அது வசதி படைத்தவர்களின் கார். ஆனால் 2009இல் வெளிவந்த ஹூண்டாய் சொனாட்டா அதே வளைவைச் சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஹெட்லைட்டில் தொடங்கி பானெட் ஓரமாக ஓடி ஜன்னலின் அடிக்கோட்டில் சேரும் குரோம் பட்டை அதில் உண்டு. இன்றும் சாலையில் அதைக் கண்டால் திரும்பிப் பார்க்கிறேன். 2018 மாடல் ஹோண்டா அக்கார்டு வந்தபோது, அதன் பின் கண்ணாடி எங்கே முடிகிறது, டிக்கி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்கவே கடினமாக இருந்தது.

அழகு மட்டும் காரணம் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கூரை மெல்லச் சரிந்தால், காற்று அதை ஒட்டியே டிக்கியின் விளிம்புவரை வந்து பிரிகிறது. கூரை சட்டென்று முறிந்தால் காற்று பின்னால் சுழன்று காரை இழுக்கிறது. 1982இல் வந்த ஆடி 100, ஜன்னல் கண்ணாடிகளைக் கதவின் தகட்டோடு சமமாகப் பொருத்தி 0.30 என்ற இழுவைக் குணகத்தைத் தொட்டது; இந்த எண் குறையக் குறையக் காற்றின் எதிர்ப்பும் குறையும். எரிபொருள் மிச்சமாவது குடும்பத்துக்கு நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்கு அம்மாவின் கழுத்து குனிய வேண்டியிருக்கிறது. சரிவு பின் இருக்கையின் தலைக்குப் பின்னால் தொடங்கினால் குற்றமில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலேயே தொடங்கினால், அந்தக் காரில் ஒரு பாட்டி கூட ஏறிப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜன்னலின் அடிக்கோடு இன்னொரு விஷயம். பழைய செடான்களில் அது ஏறக்குறைய நேராக, தாழ்வாக ஓடும். இப்போது பின்னால் போகப் போக ஏறுகிறது. பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவுகள் தடித்துவிட்டன. சக்கரங்களும் 14 அங்குலத்திலிருந்து 17, 18 என்று வளர்ந்துவிட்டன. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு மேல் தகடு குறைவாக இருந்தால் வண்டி மெலிந்து தெரியும், அதனால் கோட்டை உயர்த்துகிறார்கள். கண்ணாடிப் பரப்பு குறைகிறது. நாலரை வயதில் என் மகள் அப்படி ஒரு காரில் உட்கார்ந்து, "வெளியே ஒன்றுமே இல்லையே, அப்பா" என்றாள். நான் குனிந்து அவள் உயரத்திலிருந்து பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக், அதற்கு மேல் ஒரு கீற்று வானம். அவ்வளவுதான்.

(பின் கதவின் மூலையில் தனியாக நிற்கும் சிறிய முக்கோணக் கண்ணாடி அலங்காரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பின் சக்கரத்தின் வளைவு கதவின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவதால், முழுக் கண்ணாடியும் உள்ளே இறங்க இடம் இருக்காது. அந்த மூலையைத் தனியாகப் பிரித்து நிறுத்திவிட்டால் மீதி தடையில்லாமல் இறங்கும். தெரிந்த பிறகு அந்தத் துண்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.)

கதவின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோடுகளை நான் உண்மையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஒரு டிங்கரிங் பட்டறையில். எங்கள் காரின் பின் கதவை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நசுங்கல் சரியாக அந்த மடிப்பின் மேல். தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்த பிறகு, வேலை செய்தவர் கையில் ஒரு மெல்லிய துணியை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். உள்ளங்கையை முன் கதவிலிருந்து பின் கதவுக்கு மெதுவாக நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே பள்ளம்" என்றார். எனக்குக் கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. அவர் கறுப்புப் பெயின்டை லேசாகத் தூவி, உலர்ந்ததும் உப்புத்தாளால் நான்கு முறை இழுத்தார். சுற்றிலும் கறுப்பு போய்விட்டது. அவர் சொன்ன இடத்தில் மட்டும் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. பெயின்ட் முடிந்ததும் டியூப் லைட்டின் கீழ் நிறுத்தி, கதவில் விழும் ஒளிக்கோடு நெளியாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். கார் வடிவமைப்பாளர்கள் களிமண் மாதிரியின் மேல் பளபளப்பான தாளை ஒட்டிப் பார்ப்பதும் இதே ஒளிக்கோட்டைத்தான். தகடு ஒரு சாக்கு. அவர்கள் வரைவது வெளிச்சத்தை. ஒரே ஒரு கோடு சுத்தமாக ஓடும் கதவை ஐந்து கோடுகள் முட்டிக்கொள்ளும் கதவைவிட நான் மதிப்பதற்கு அந்தப் பட்டறைதான் காரணம்.

முன்பக்க கிரில்லைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகின்றன.

உள்ளே வருவோம். டேஷ்போர்டின் மேல்தளம் பெரும்பாலும் கருமையாக, பளபளப்பில்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிர் நிறமாக இருந்தால் வெயிலில் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். அந்த அறிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே டேஷ்போர்டின் நடுவில், கியருக்குப் பக்கத்தில், கண்ணாடி போன்ற கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பதிக்கிறார்கள். ஷோரூமில் ஜொலிக்கும். ஒரே வாரத்தில் விரல் ரேகைகள், ஒரு வருடத்தில் துணி துடைத்த கீறல்கள். தினமும் கை படும் இடத்தில் கை படக்கூடாத பொருளை வைப்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

திரைகளும் அப்படியே. பின்பக்கக் கேமராவை அமெரிக்கா 2018 மே மாதம் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது; திரை எப்படியும் இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. கேமராவுக்கு அது வேண்டும்தான். ஆனால் ஏ.சி.யின் குமிழையும் அது விழுங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. குமிழைக் கை தானாகத் தேடிப் பிடிக்கும். திரையில் விரல் வைக்கக் கண் சாலையை விட்டு வர வேண்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்று மதிப்பீட்டில் சேர்த்திருப்பதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. 2022 மாடல் ஹோண்டா சிவிக்கில் டேஷ்போர்டின் குறுக்கே தேன்கூடு வலை ஓடுகிறது; ஏ.சி.யின் காற்றுத் துளைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன; அடியில் வெப்பத்துக்கு மூன்று குமிழ்கள். அழகும் கையும் சண்டையிடாமல் இருக்க முடியும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன்.

கடைசியில் நாங்கள் வாங்கியது நாங்கள் பார்த்தவற்றில் நான்காவது கார். புகைப்படத்தில் அது மூன்றாவதின் அருகில்கூட வராது. கூரை பின் இருக்கையைத் தாண்டித்தான் சரிகிறது, ஜன்னல் கோடு தாழ்ந்திருக்கிறது. ஆறு வருடங்களில் இருக்கைத் துணி வெளுத்துவிட்டது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள தூணின் பிளாஸ்டிக் முழுக்கத் தோல் போன்ற சொரசொரப்பு. அம்மா பிடித்துக்கொண்டு எழும் இடத்தில் மட்டும் அது தேய்ந்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஆகியிருக்கிறது.