மதுரைக்குப் பூ, ராமநாதபுரத்தில் நாற்று

நகரத்தைச் சுற்றி எந்தப் பயிரை எங்கே வைப்பது என்பதற்கு 1826இல் ஃபோன் துனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார் வட்டம் போட்டார். கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரை ஒட்டி, அடுத்து விறகு, தள்ளித் தானியம், கடைக்கோடியில் தானே நடந்து வரும் ஆடுமாடு. மதுரையை நடுவில் வைத்தால் ராமநாதபுரம் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெளிவட்டத்தில் விழுகிறது. இந்தப் பக்கத்திலிருந்து போகும் சரக்கும் அதற்கேற்றதுதான்: வத்தல், கருப்பட்டி, கருவாடு, உப்பு, கரி. எல்லாமே ஈரத்தை இங்கேயே விட்டுவிட்டு லாரி ஏறுபவை.

ஆனால் இங்கே தூரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். மழைக்காலத்தில் சோதித்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சித்திரை, வைகாசியில் சிறிது நேரம் இறைத்துவிட்டு மாதிரி எடுங்கள். தண்ணீரில் உப்பு கூடக்கூட அதன் மின்கடத்துத் திறனும் கூடும், அதுதான் அளவுகோல். பாசன நீரில் அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மிளகாய் மகசூல் சரியத் தொடங்கும். பருத்தி 5 வரை தாங்கும். அப்படியானால் உவர் மண்டிய இந்த மாவட்டம் எப்படி முண்டு மிளகாய்க்கு, அதாவது உருண்டை மிளகாய்க்குப் பேர் வாங்கியது? மானாவாரி என்பதால். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிடுகிறது. பிறகு மண் பிடித்து வைத்த ஈரத்தில் செடி காய்க்கிறது. கோடையில் இன்னும் இரண்டு பறி கிடைக்கட்டும் என்று உப்பு போர்த் தண்ணீரைப் பாய்ச்சினால் அடுத்த வருட விதைப்புக்கும் சேர்த்துக் கெடுதல்.

கடலோர மணலில் கணக்கே வேறு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்பு சுமார் நாற்பது அடி ஏறும். ஆழ்குழாய் கூடவே கூடாது. ஆழமில்லாத அகலமான ஊற்று வெட்டி, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். அங்கே தென்னை, இருபத்தைந்து அடிக்கு ஒன்று. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று. பூ மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும் என்பதால் பூந்தோட்டம் மதுரையை ஒட்டியே இருக்கட்டும். வேர்விட்ட குச்சிக்கு அந்த அவசரம் இல்லை, கட்டுக் கட்டி எத்தனை தூரமும் அனுப்பலாம்.

காய்ந்து போகும் சரக்குகளுக்கு நடுவில் மீன் விதிவிலக்கு: ஈரத்தோடு போகிறது. கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போடாமல் கோடையில் அனுப்புவது வீண்.

மிளகாய்க் களத்தை வயலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நூறு கிலோ பழம் காய்ந்தால் இருபத்தைந்து, முப்பது கிலோதான் தேறும். மீதித் தண்ணீருக்கு லாரி வாடகை கொடுப்பானேன்? தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்பி, சாயங்காலம் கூட்டி மூடுங்கள். பனி விழுந்தால் வத்தல் வெளுக்கும், பூஞ்சை பிடிக்கும். ஈரம் நூற்றுக்குப் பத்து, பதினொன்றுக்கு வருமுன் சாக்கில் கட்டினால் மூட்டையின் நடுவில்தான் முதலில் கெடும். மேலே கைவிட்டுப் பார்த்தால் தெரியாது.