மூன்று ஊசிகளில் நின்ற தலை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன் நான். நீண்ட கழியில் அரிவாளைத் தூக்கிப் பிடித்து நாள் முழுக்க அண்ணாந்து நின்றவனின் கழுத்து எப்படி இருக்கும்? இடது காது நரம்பில் கட்டி என்று தெரிந்து ஈப்போவில் அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது, மயக்க மருந்து மருத்துவர் முதலில் சோதித்தது அந்தக் கழுத்தைத்தான். விழித்திருக்கும்போதே இரு பக்கமும் திருப்பச் சொன்னார். எந்த இடத்தில் வலிக்கிறது, கை மரத்துப்போகிறதா என்று கேட்டார். மயங்கிய உடல் வலியைச் சொல்லாது. அறுவைக்காகத் தலையை அதிகமாகத் திருப்பி வைத்தால் கழுத்து இரத்தக்குழாய் நசுங்கி, இரத்தம் கீழே இறங்க வழியின்றி மூளை வீங்கலாம். இந்தக் கேள்விக்கெல்லாம் "ஒன்றுமில்லை டாக்டர்" என்று நம் ஆட்கள் தலையாட்டுவார்கள். நான் இருபது வருட வலியையும் கொட்டிவிட்டேன்.

தலையை மூன்று ஊசிகள் உள்ள பிடிப்பானில் இறுக்குவோம் என்றதும் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். மயங்கிய பிறகுதான் அதைப் பொருத்துகிறார்கள். ஒரு பக்கம் இரண்டு ஊசி, எதிர்ப்பக்கம் ஒன்று. பெரியவர்களுக்கு 60 முதல் 80 பவுண்டு வரை அழுத்தம். மண்டையோட்டின் வெளி அடுக்கில் ஊன்றி நிற்பதற்கே அந்த ஊசி. மெல்லிய பொட்டெலும்பைத் தவிர்த்துவிடுவார்கள். குத்தும்போது மயக்கத்திலும் இரத்த அழுத்தம் எகிறும் என்பதால் அந்த இடங்களில் மரத்துப்போகும் மருந்தும் போடுகிறார்கள். என் முகநரம்பைக் கருவியால் கண்காணிக்க வேண்டியிருந்தது. தசையைத் தளர்த்தும் மருந்து அதற்கு இடைஞ்சல். அது இல்லாமல் உடல் அசைந்தால் ஊசி தோலைக் கிழித்துவிடும். ஆகவே மயக்கத்தின் ஆழத்தைக் கடைசிவரை கவனித்தபடியே இருக்க வேண்டும்.

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கை நரம்பு நசுங்காமலிருக்க அக்குளுக்குச் சற்றுக் கீழே ஒரு சுருள், முழங்கைக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் மெத்தை, கண்ணில் களிம்பு, இமை மூடியிருக்க ஒட்டுப் பட்டை, இரத்தம் உறையாமலிருக்கக் காலை அமுக்கிவிடும் காற்று உறை. அறுவையின் நடுவே மேசையைச் சாய்ப்பார்கள் என்பதால் இடுப்பிலும் தொடையிலும் பட்டை.

விழித்தபோது தையலைவிட வலத் தோள்தான் அதிகம் வலித்தது. அதைத் தாதியிடம் உடனே சொன்னேன். விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். பார்க்க வந்த தோட்டத்து ஆட்களோ காதுக்குப் பின்னால் இருந்த நீளத் தையலை விட்டுவிட்டு, நெற்றி ஓரத்துச் சின்னப் பொருக்கையே உற்றுப் பார்த்தார்கள். "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டீர்களா, அண்ணே?"