இரண்டு கிராண்டுகள்

எங்கள் பக்கத்தில் நிலப்பட்டாவைக் கிராண்டு என்றுதான் சொல்வோம். அரசாங்கம் விவசாயிகளுக்குத் தரும் மானியத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். கடந்த ஓராண்டாக எங்கள் குடும்பம் இந்த இரண்டு கிராண்டுகளுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கிறது. முதலாவது இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருப்பதால் இரண்டாவது கைக்கு எட்டவில்லை.

நாங்கள் குடியிருப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நிபோங் திபாலில். எல்லையைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு மாவட்டம். அங்கேதான் எங்கள் ஆறு ஏக்கர் செம்பனை நிற்கிறது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுவிட்டுப் போன அந்தத் தோட்டத் துண்டாடல் காலத்தில், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, பாட்டியின் நகைகளை விற்று எங்கள் தாத்தா அந்தத் துண்டை வாங்கினார். முதலில் ரப்பர், 1996-இல் சித்தப்பா அதை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார். அந்த மண்ணில் காடு இருந்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அது காடாக இருக்கவில்லை என்பதை இப்போது நாங்கள் காட்டியாக வேண்டியிருக்கிறது. காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 31 டிசம்பர் 2020-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், மாடு ஆகிய எதுவும் அவர்களுடைய சந்தைக்குள் நுழையக் கூடாது. அதன் அமலாக்கம் இருமுறை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த 2020 என்ற எல்லைக்கோடு மாறவில்லை. எம்எஸ்பிஓ எனப்படும் நம் நாட்டின் நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் விதிகளோ அதற்கும் ஓராண்டு முந்தைய தேதியை, அதாவது 31 டிசம்பர் 2019-ஐ, எல்லையாக வைத்துள்ளன. அதே 2019-இல்தான் நாட்டின் மொத்தச் செம்பனைப் பரப்பு 65 லட்சம் ஹெக்டரைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. காட்டைக் காக்கும் இந்த நோக்கத்தில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. மேட்டுக்காடுகள் மொட்டையான பிறகு ஆறுகள் எப்படிக் கலங்கி ஓடுகின்றன என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

புது நிலம் கிடையாது என்றால், இருக்கிற நிலத்தில் கூடுதலாக விளைவிக்க வேண்டும். செம்பனை மரம் இருபத்தைந்து வயதைத் தாண்டினால் குலை குறையும். உயரமும் கூடிவிடுவதால், நீளக் கழியில் கட்டிய அரிவாளால் அறுப்பதற்கே பழகிய கை வேண்டும். அந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. சித்தப்பாவின் மரங்களுக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. வெட்டி மறுநடவு செய்தால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்த நிலத்திலிருந்து வருமானம் வராது. பெரிய தோட்ட நிறுவனம் ஆண்டுக்கு ஒரு பகுதியாக வெட்டி நட்டுச் சமாளித்துக்கொள்ளும். ஆறு ஏக்கர்காரனுக்கு வெட்டினால் முழுவதும் போயிற்று.

இந்த இடத்தில்தான் அரசாங்க உதவி தேவைப்படுகிறது. அது இல்லாமலும் இல்லை. 2024 வரவு செலவுத் திட்டத்தில் சிறுதோட்டக்காரர்களின் மறுநடவுக்காக 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. செலவில் பாதி மானியம், மீதிப் பாதி குறைந்த வட்டிக் கடன். முன்னர் முழுவதும் கடனாகவே இருந்த திட்டத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல மாற்றம். சொந்தமாகப் பயிரிடும் சிறுதோட்டக்காரர்கள் எம்எஸ்பிஓ சான்றிதழ் பெறுவதற்கான தணிக்கைச் செலவையும் பயிற்சிச் செலவையும் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வழியாக அரசாங்கமே ஏற்றது. துனாஸ் எனப்படும் ஆலோசனை அதிகாரிகள் நேரில் தோட்டத்துக்கே வந்து பார்ப்பார்கள். எங்கள் பகுதிக்கு வந்தவர் பொறுமையான மனிதர். மரங்களைப் பார்த்தார், குறிப்பெடுத்தார், கடைசியில் நில உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். "மண்ணு நம்மளுதுதான் தம்பி, தாளுதான் அய்யா பேர்ல நிக்குது," என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோனவர் எங்கள் தாத்தா.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சுங்கை ஜாவியிலும் சுங்கை பாக்காப்பிலும் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் இதே நிலைதான்: தகப்பன் இறந்த பிறகு மூத்த மகன் பயிர் செய்கிறான், தம்பிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் தீபாவளிக்கு ஒரு தொகை தருகிறான், பெயர் மாற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தால் பங்கு கேட்பதாகிவிடுமே என்ற தயக்கம். இதுவரை அதனால் பெரிய கெடுதல் நேரவில்லை. குலை லாரியில் ஏறியது, காசு வந்தது. இப்போது அந்தக் காகிதமே சந்தைக்கான கதவாகிவிட்டது. ஐரோப்பியச் சட்டம் காடழிப்பை மட்டும் பார்ப்பதில்லை. விளைந்த நாட்டின் நில உரிமைச் சட்டங்களின்படி விளைந்ததா என்பதையும் கேட்கிறது. ஆலையில் எல்லாருடைய குலையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், ஒரு துண்டு நிலத்தின் கணக்குத் தெளிவில்லை என்றால் முழுச் சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்படிப்பட்ட நிலத்துக் குலையை ஆலைக்காரர் ஏன் வாங்கப் போகிறார்?

நிலத்தின் இருப்பிடத்தைக் காட்டுவது இதைவிட எளிதான வேலை. நான்கு ஹெக்டருக்கு உட்பட்ட நிலத்துக்கு எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டியதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரே ஒரு புள்ளி போதும். எங்களுடையது இரண்டரை ஹெக்டருக்கும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாத்தா எல்லையில் விட்டுவைத்த ஒற்றை ரப்பர் மரத்தடியில் நின்று, கைப்பேசியில் ஆறு தசம இலக்கம் வரை குறித்துக்கொண்டோம். சில நிமிடங்களில் முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2004-இல் தன் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, இயற்கைக் காடுகளைப் பெருமளவில் அழிப்பதை 2006-இன் இறுதிக்குள் நிறுத்துவதாக அறிவித்தபோது, அதனால் பாதிக்கப்படும் விவசாயிகளுக்காக 15 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவித் திட்டத்தையும் கூடவே அறிவித்தது. அங்கேயும் விவசாயிகளின் கோபம் அடங்கிவிடவில்லை. பல ஆண்டுகள் அது அரசியல் சண்டையாகவே நீடித்தது. இருந்தாலும் தடையும் உதவியும் ஒரே கையிலிருந்து வந்தன. நம் சிறுதோட்டக்காரருக்குத் தடை ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரசல்சிலிருந்து வருகிறது, மானியம் மத்திய அரசின் புத்ராஜெயாவிலிருந்து வருகிறது, கிராண்டோ மாநில அரசின் கீழுள்ள மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கிறது. நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், செம்பனை அதிகாரி எவ்வளவு நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும் பெயர் மாற்றத்தில் அவரால் எதுவும் செய்ய முடியாது.

மரத்துக்கும் கன்றுக்கும் உரத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது காகிதத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, நீதிமன்றத்துக்குப் போகாமல் நில அலுவலகத்திலேயே வாரிசுகள் படிவம் ஏ-ஐ நிரப்பி விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. துனாஸ் அதிகாரி வரும் நாளிலேயே நில அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வந்து, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, இறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் சரிபார்த்து, படிவத்தை நிரப்ப உதவினால், தமிழில் விளக்கிச் சொல்ல நாங்களே ஆள் தருவோம். அந்த ஒரு நாளின் செலவு ஒரு ஏக்கர் மறுநடவுச் செலவுக்கு அருகில்கூட வராது.

நாங்கள் படிவம் கொடுத்துவிட்டோம். தாத்தாவுக்கு வாரிசுகள் ஐந்து பேர்; மூவர் இங்கேயே இருக்கிறார்கள், ஒருவர் கிள்ளானில், மூத்த அத்தை ஜோகூரில். விசாரணைக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி, நெடுந்தூரப் பயணம் ஆகாது. ஆனாலும் பேருந்தில் முன்னிருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.