69 கமேரோ பாடி டேக் படிச்ச அனுபவம்: ஆரஞ்சுக்கு அடியில பச்சை

போன மாசம் வாங்குன 1969 செவர்லே கமேரோவோட கவுல் டேகை, அதாவது கார் எங்க, எப்போ, எந்த கலர்ல செஞ்சதுன்னு குறியீட்டுல சொல்ற பாடி தகட்டை, இந்த சனி ஞாயிறுதான் முழுசா படிச்சு முடிச்சேன். பானெட்டைத் தூக்குனா ஃபயர்வால்ல, அதாவது இன்ஜினுக்கும் நாம உட்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்புல, டிரைவர் பக்கம் ரிவெட் அடிச்சிருக்கும், சின்னத் தகடு. யாரோ அது மேலயே கறுப்பு பெயிண்ட்டை ரெண்டு மூணு கோட்டு அடிச்சு வச்சிருந்தாங்க. கம்பி பிரஷ் போட பயமா இருந்துச்சு, மெல்லிசுத் தகடு, எழுத்து தேஞ்சா போச்சு. அதனால பஞ்சுல தின்னர் தொட்டு ஒவ்வொரு எழுத்தா துடைச்சேன், மூணு மணி நேரம் ஆச்சு. பையன் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சப்பதான் எல்லாம் நிழலோட எழும்பி வந்துச்சு.

முதல் வரில 69 12437, அப்புறம் என்ஓஆர், அதாவது ஒஹாயோல இருந்த நார்வுட் பிளான்ட், 1987ல மூடிட்டாங்க. 124னா வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், 37னா ரெண்டு கதவு கூபே. அடுத்து பாடி நம்பர். இங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு, டேஷ்போர்டுல கண்ணாடி வழியா தெரியுற வின் (ஒவ்வொரு காருக்கும் தனியா இருக்குற அடையாள எண்) நம்பரோட கடைசி ஆறு இலக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ரெண்டு காரை வெட்டி ஒட்டுனதோன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்புறம் படிச்சாதான் புரிஞ்சுது, பாடி செஞ்சது ஃபிஷர் பாடி, அவங்க வரிசை வேற, வின் போட்டது செவர்லே, அவங்க வரிசை வேற, ரெண்டும் ஒத்துப்போகணும்னு கட்டாயமே இல்ல. ஒத்துப்போக வேண்டியது ஹீட்டர் ப்ளோயர் கவருக்குப் பின்னாடி ஃபயர்வால்லயே குத்தியிருக்குற சின்ன வின்தான். கவரைக் கழட்டி அழுக்கைத் துடைச்சா 19என், அதுக்கப்புறம் டேஷ்ல இருக்குற அதே ஆறு நம்பர்! அப்பதான் உயிரே வந்துச்சு.

தேதி 04சியா 04ஜியான்னு ஒரு குழப்பம். வாரத்துக்கு ஏல இருந்து ஈ வரைக்கும்தான் எழுத்து, அதனால சிதான், ஏப்ரல் மூணாவது வாரம். டிரிம், அதாவது உள்ள சீட்டு கலருக்கான குறியீடு, 711, ஸ்டாண்டர்ட் கறுப்பு சீட்டு.

பெயிண்ட் 57 57, கீழயும் மேலயும் ஃபாதம் கிரீன். இப்ப கார் ஹக்கர் ஆரஞ்சு, அதுக்கு 72ன்னு இருந்திருக்கணும். நம்ப முடியாம டிக்கி ரப்பர் பீடிங்கை உரிச்சுப் பார்த்தேன், ஓரத்துல விரல் அகலத்துக்கு கரும்பச்சை, அவ்ளோ அழகு. அதை ஏன் மூடுனாங்கன்னு மனசு ரொம்ப வருத்தமாயிடுச்சு.

கடைசியா எக்ஸ் 44, கார் எந்த ரகம்னு சொல்ற குறியீடு. ஃபெண்டர்ல இசட்28 (கமேரோலயே வேகத்துக்குன்னு வந்த ஸ்பெஷல் ரகம்) பேட்ஜ் இருக்கு, வித்தவரும் அடிச்சு அதான் சொன்னார், அந்த சமயத்துல நார்வுட்ல வந்த இசட்28னா எக்ஸ் 33 இல்ல எக்ஸ் 77 இருக்கணும், 44னா சாதா கூபே. காசு விஷயத்துல ஏமாத்தம்தான், ஆனா காரை வெறுக்க முடியல. வின்னுல எந்த வி8ன்னு வராது, அதனால அடுத்த வாரம் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைக் கழட்டி இன்ஜின் பிளாக் முன்னாடி இருக்குற தட்டையான இடத்துல (பேட்) என்ன குத்தியிருக்குன்னு பார்க்கணும். டிஇசட்னு இருந்தா அது இசட்28ல வந்த 302 இன்ஜின், ஆனா பக்கத்துல இருக்குற வின் நம்பரும் ஒத்துப்போகணும். அந்த பேட்ஜை மட்டும் இன்னைக்கே கழட்டிட்டேன், பெயிண்ட் கடைல 57க்கு சாம்பிளும் கேட்டாச்சு.