இறுக்கும் கயிறு என்று நினைத்திருந்தேன்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள், இன்குபேட்டரை 30 டிகிரிக்கு மாற்ற மறந்துவிட்டேன். எனக்கு முன் அதைப் பயன்படுத்தியவர் 42-ல் விட்டுப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், குட்டைக் குச்சிகளாக இருக்க வேண்டிய ஈ.கோலை பாக்டீரியா நூல்நூலாக நீண்டு கிடந்தது. ஏதோ வேற்றுக் கிருமி புகுந்துவிட்டதென்று குடுவையைக் கொட்டப் போனேன்.

மூத்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அந்த மரபணுவோட பேரே அதுதானே?" என்றார். எஃப்டிஎஸ் என்ற மூன்றெழுத்தின் விரிவு ஏறக்குறைய 'சூட்டில் நூலாக நீள்வது' என்பதுதான். நூறு தடவை எழுதியிருப்பேன், பொருள் உறைத்தது அன்றைக்குத்தான். செல் வளர்கிறது, டிஎன்ஏ நகலாகிறது, நடுவில் பிரிவது மட்டும் நடப்பதில்லை. காரணம், நான் வளர்த்தது அந்த மரபணுவில் திரிபுள்ள வகை; அதன் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் அந்தச் சூட்டில் வேலை செய்யாது.

நம் செல்களில் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்துக்கு இது தூரத்து உறவு. மூலக்கூறுகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்து இழையாகும். இழைகள் செல்லின் இடுப்பில் வளையமாகச் சேரும். அந்த வளையத்தை 1991-ல் பீ, லுட்கன்ஹவுஸ் என்ற ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். வளையம் என்றதும் என் மனதில் வந்தது சுருக்குப் பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடுமே, அது மாதிரி.

2017-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அந்தப் படத்தைக் கலைத்தன. இழையின் ஒரு முனையில் புது மூலக்கூறுகள் சேர, மறுமுனையில் பழையவை உதிர்கின்றன. ஒரு வரிசையில் யாரும் நடக்கவில்லை, முன்னால் ஆள் சேர்ந்துகொண்டும் பின்னால் விலகிக்கொண்டும் இருக்கிறார்கள் என்றால், வரிசை மட்டும் நகருமல்லவா? அதுதான் ட்ரெட்மில்லிங். இப்படி நகரும் இழைகள், செல்சுவர் கட்டும் நொதிகளையும் வளையத்தைச் சுற்றி நகர வைக்கின்றன. சுவர் உள்நோக்கி வளர்ந்து செல்லை இரண்டாக்குகிறது. பேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவில் இழையின் வேகம் கூடினால் பிரிவும் விரைவாகிறது. ஈ.கோலையில் அப்படி இல்லை. உயிரியலில் பொதுவிதி எழுதப் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

சரி, நானும் அளந்து பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். ஒளிரும் புரதத்தை ஒட்டிய எஃப்டிஎஸ்-இசட் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அதனால் அதை இயல்பான புரதத்தோடு கொஞ்சமாக மட்டும் கலந்திருக்க விட வேண்டும். பேராசைப்பட்டால் படம் பளிச்சென்று வரும், செல் நொண்டும். நகர்வைச் சாய்கோடாகக் காட்டும் இட-நேரப் படம்தான் கைமோகிராஃப்; முதல் படத்தில் அழகான சாய்கோடுகள் கிடைத்தன. வேகம் கணக்கிட்டு, குழுக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். "எல்லாக் கோடும் ஏன் ஒரே பக்கம் சாயுது?" என்று ஒரு கேள்வி வந்தது. இழைகள் இரு திசையிலும்தான் போகும். நான் அளந்தது, செல்களுக்கு அடியில் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்த அகரோஸ் என்ற கூழ்த் தகட்டின் நகர்வை!

தகட்டின் ஓரங்களை அடைத்து மறுபடி எடுத்தபோது, கோடுகள் இரு பக்கமும் சாய்ந்தன. வேகம் நொடிக்குச் சுமார் 30 நானோமீட்டர்.

ஆனாலும் கயிற்றை அடியோடு தூக்கியெறிய மனம் வரவில்லை. 2008-ல் வெறும் கொழுப்புக் குமிழிக்குள் இந்தப் புரதத்தை, சவ்வில் ஒட்டும் வால் சேர்த்து அடைத்தார்கள். சுவர் கட்டும் நொதி எதுவும் இல்லாமலே வளையம் அமைந்து குமிழியை இறுக்கியது. புதியவர்களுக்கு நான் காட்டும் படத்தில் சுருக்குப் பை இன்னும் இருக்கிறது, பக்கத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறியோடு.