எந்த அறையில் மாட்டுவது?

ஏசி சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன். கோடை தொடங்கினால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் வேணுமா? எந்த அறையில் மாட்டலாம் என்று யாரும் கேட்பதில்லை. அதெல்லாம் நான் போவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். சம்பாதிக்கிறவர் படுக்கிற அறை, இல்லையென்றால் விருந்தாளி வந்து உட்காருகிற ஹால். வீட்டில் அதிகமாகச் சூடேறுகிற அறை எதுவோ, அங்கே வீட்டில் மூத்தவர் ஒரு ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார். இத்தனை வருடத்தில் இந்தக் காட்சி எனக்குப் பழகவே இல்லை.

போன கோடையில் ஒரு வீட்டில் "கூலிங் பத்தல" என்று கூப்பிட்டார்கள். கீழே பெட்ரூமில் ஒன்றரை டன் மெஷின், பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் சுத்தம், கேஸ் பிரஷரும் குறையில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் அவுட்டோர் யூனிட்டை ஓர் அறையின் ஜன்னலுக்கு எதிரே, ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல் மாட்டியிருந்தார்கள். அது ஊதுகிற அனல் சுவரில் மோதி அதற்குள்ளேயே திரும்பி வந்தது. அப்படி வந்தால் பிரஷர் ஏறும், கரண்ட் அதிகம் இழுக்கும், கூலிங் குறையும். குறை அதுதான்.

அந்த ஜன்னல் இருந்த அறையில்தான் வீட்டுக்காரரின் அம்மா இருந்தார். அனல் வருகிறதென்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். உள்ளே போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பொழுது இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. கையை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சுவர் அப்போதுதான் உள்பக்கமாக விட ஆரம்பித்திருந்தது. மேலே நேரடியாகக் கூரை. ஃபேன் அந்தக் கூரையடிச் சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ராத்திரியும் இங்கதான் படுக்குறீங்களா?"

"பழகிப்போச்சு தம்பி. நமக்கு ஏசி ஒத்துக்காது. இந்த வயசுல எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவுட்டோரைத் திறந்த வெளி பார்த்த சுவருக்கு மாற்றிக் கொடுத்தேன். கூலிங் சரியாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதையே சொல்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களும் அதைக் கேட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் சூட்டில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், இதயம் முன்னைப்போல் படபடக்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சூட்டில் வேலைக்குப் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டும் கொடு, அதன்பின் நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்கிறது. என்னிடம் சேருகிற பையன்களை மாடி வேலைக்கு அப்படித்தான் விடுகிறேன். முதல் நாளே முழுப்பொழுதும் வெயிலில் நிற்க வைத்து "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லும் மேஸ்திரிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பழகுவதற்கு வியர்க்கிற உடம்பு வேண்டும். வயதானால் வியர்வை குறைகிறது. தாகம் மங்கிவிடுகிறது, உடம்பில் தண்ணீர் வற்றினாலும் வாய் கேட்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துக்கு என்று சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் சீக்கிரம் வற்றிப்போவார்கள். மனநலத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில வியர்வையையே அடக்கிவிடும். இப்படிப்பட்ட உடம்பு சூட்டுக்கு முழுதாகப் பழகியிருக்காது. சூடு ஏறுவது அதற்கு உறைக்காமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வந்த வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள் அதில் ஏராளம். அதன்பின் செய்த ஆய்வில், வேலை செய்கிற ஏசி இருந்தவர்களும், வந்து பார்க்க ஆள் இருந்தவர்களும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. 2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் 70,000 பேருக்கு மேல் வெப்பத்தால் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள். பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். செல்வமுள்ள நாடுகள், மருத்துவமனைக்குக் குறைவில்லாத நாடுகள். ஏசி என்பது சொகுசு என்று சொல்கிறவர்கள் முன் நான் வைக்கிற கணக்கு இது. சூட்டைத் தாங்குவது ஒருவரின் நல்ல குணம் இல்லை. தாங்க முடியாதது அவருடைய பலவீனமும் இல்லை.

சூட்டோடு புழுக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சும்மா படுத்திருக்கும் மனித உடம்பே நூறு வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. சூடான காற்றில் அதை வெளியேற்ற முக்கியமான வழி, வியர்வை உலர்வது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க உலர்ந்தால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் போய்விடும். படுத்திருப்பவர் ஆறேழு மணி நேரத்தில் உண்டாக்கும் சூடு அது. உலர்ந்தால்தான் கணக்கு. சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பிரயோஜனமில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எங்கே உலரும்?

அதனால்தான் தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்க்கிற வெப்பநிலையைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் ஃபேனுக்கு அடியில் துணியில்லாமல் படுத்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் உடம்பு தாங்காது என்று 2010இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிறகு ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே உடல்சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களின் எல்லை இன்னும் கீழே.

ஏசி பிறந்ததே புழுக்கத்தை விரட்டத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த காயில் வழியாகக் காற்றை ஓட்டி அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தினார். முதலில் வசதி செய்து கொடுத்தது காகிதத்துக்கு.

டிரெய்ன் பைப்பின் முனையில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். புழுக்கமான ராத்திரியில் வேகமாக நிறையும். அந்த வாளியில் இருப்பது அவ்வளவும் அறைக்காற்றில் இருந்த ஈரம். அது வெளியேறியதால்தான் உங்கள் வியர்வை உலர்கிறது. சின்ன அறைக்குப் பெரிய டன் வாங்கக் கூடாது என்று நான் மல்லுக்கட்டுவதும் இதற்காகத்தான். பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்து, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்; ஈரம் எடுக்க நேரமே இருக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் படுக்கை பிசுபிசுக்கும். உடனே ரிமோட்டை எடுத்து இன்னும் குறைப்பார்கள். (டன் என்பதை மெஷினின் எடை என்று நினைக்கிறவர்கள் உண்டு. பழைய 2,000 பவுண்டு டன் கணக்கில் ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். ஏறத்தாழ மூன்றரை கிலோவாட்.)

ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் தவறு. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண மெஷினில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 26 வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிரும், எங்கே நிற்கும் என்பதுதான் மாறும்.

இனி "ஒத்துக்காது" என்ற பேச்சுக்கு வருகிறேன். பெரியவர்கள் சொல்வதை நான் தள்ளுவதில்லை. அவர்கள் படுவது நிஜமான அவஸ்தை. காரணம் பெரும்பாலும் மெஷினை மாட்டிய விதத்தில் இருக்கும். எங்கள் அம்மாவும் அதையே சொன்னார். "கால் குத்துதுடா, முட்டி இறுகிப்போகுது" என்றார். கட்டில், அறைக்குள் மாட்டிய இன்டோர் யூனிட்டுக்கு நேர் எதிரே இருந்தது. குளிர்காற்று நேராகக் காலில் அடித்தது. கட்டிலைப் பக்கச் சுவருக்கு நகர்த்தினேன். காற்றைத் திருப்பிவிடும் மடலான லூவரை மேல்பக்கம் நிறுத்தி, காற்று கூரையைத் தடவி இறங்கும்படி செய்தேன். 27இல் வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டேன். கால்மாட்டில் ஒரு பருத்திப் போர்வை. ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் தூசி மூக்கில் ஏறித் தும்மலும் இருமலும் வரும். அதற்கும் ஏசியைத்தான் குறை சொல்வார்கள். அதனால் கோடை முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே கழுவிவிடுகிறேன். இப்போது ராத்திரியில் அம்மாவே "டேய், மெஷினைப் போடு" என்கிறார். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே ஏசி அவர் அறையில்தான். எனக்கும் என் மனைவிக்கும் ஃபேன் போதுமானதாக இருக்கிறது, பெரும்பாலான நாட்களில்.

ஃபேனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது அறையைக் குளிர்விக்காது, ஆளைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஓடுவது வீண். 40 டிகிரியைத் தாண்டிய காற்றில் ஃபேன் உடம்புக்கு மேலும் சூட்டைத்தான் ஏற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஏர் கூலர் வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை ஓட்டினால், இருக்கிற ஈரத்தில் இன்னும் ஈரம் சேர்ந்து நிலைமை மோசமாகும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்துவிட வேண்டும். உள்ளே தொங்கும் திரை வெயிலை வாங்கிச் சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுவிடும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ மறைப்போ போட்ட வீட்டுக்குப் போனால் எனக்கு உடனே தெரிந்துவிடும்: மெஷினுக்கு வேலை குறைந்து, நின்று நின்று ஓடும்.

சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்று ஏசியே வாங்காதவர்களை மதிக்கிறேன். அவர்கள் கவலை நியாயமானது. உலகம் உபயோகிக்கும் மின்சாரத்தில் சுமார் 10 சதவீதம் ஏசிக்கும் ஃபேனுக்கும் போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் சொன்னது. ஒன்றரை டன் மெஷின் அறையிலிருந்து இழுக்கும் ஐந்து கிலோவாட் சூட்டோடு, தான் தின்ற கரண்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. அந்த அனலில் நிற்பது ஏசி இல்லாத பக்கத்து வீட்டு ஜன்னல். இதற்கு என் தொழிலும் பதில் சொல்ல வேண்டும்.

எங்களால் முடிந்தது கேஸ் விஷயத்தில் இருக்கிறது. "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்" என்று வீட்டுக்காரர்களை நம்ப வைத்திருக்கிறார்கள். கேஸ் செலவாகிற பொருளே இல்லை. உடம்பில் ரத்தம் மாதிரி அந்தக் குழாய்க்குள்ளேயே சுற்றிவர வேண்டியது. குறைந்தால் எங்கோ லீக். ஏசியில் போடும் கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால், அது இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஆர்-32 என்ற கேஸ் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. இவற்றைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. மெக்கானிக் சிலிண்டரோடு வந்தால் முதலில் லீக்கைக் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, அடைத்து, வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பித் தரமாட்டேன் என்று சொன்னதால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். இனியும் அப்படித்தான் சொல்வேன்.

வெப்ப அலை வருகிறதென்று அறிவிப்பு வந்துவிட்டது, வீட்டில் ஒரே மெஷின்தான் இருக்கிறது என்றால், அந்த நாட்களுக்கு எல்லோரும் அந்த ஒரே அறையில் பாய் விரித்துப் படுங்கள். "எனக்கு வேண்டாம்" என்கிற பெரியவரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அவர் தலையணையை எடுத்துவந்து போடுங்கள். பக்கத்தில் தனியாக இருப்பவரையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் பகலில் ஒருமுறை, தூங்குமுன் ஒருமுறை கதவைத் தட்டிப் பேச்சுக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.