தோளில் தங்கிய ஆட்டம்

எமது பாடசாலை மைதானத்தின் வடக்குக் கோல் கம்பத்தருகே புல் முளைத்ததே இல்லை. மாரி கழிந்தால் அந்த இடம் சிமெந்துத் தரைபோல் இறுகிவிடும். எழுபதுகளின் இறுதியில் உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளனாக அங்கேதான் பாய்ந்து விழப் பழகினேன். ஒருநாள் மாலைப் பயிற்சியில் வலது கையை நீட்டியபடி விழுந்தபோது தோள்மூட்டு விலகிவிட்டது.

தோளின் உருண்டை இருக்கவேண்டிய இடத்தில் குழி. அதற்குக் கீழே, அக்குள் பக்கமாக ஒரு புடைப்பு. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மூச்சை முழுதாக இழுக்கவும் பயந்து நின்றேன். மாஸ்டர் தமது சால்வையை என் கழுத்தில் தூளிபோலக் கட்டிக் கையைத் தாங்கவைத்து, முறிவு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் அழைத்துச் சென்றார். அவர் என்னைப் பாயில் கிடத்தி, அக்குளில் தமது குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். எலும்பு உள்ளே போய் உட்கார்ந்த அந்தக் கணத்தில் பாதி வலி பறந்துவிட்டது. மருந்துப் பத்துப் போட்டுக் கட்டினார். சில கிழமைகளில் கட்டை அவிழ்த்ததும் மறுபடி கோல் கம்பத்தடியில் நின்றேன். அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மூட்டு இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதை இடத்தில் நிறுத்தி வைப்பது கிழிந்து போயிருந்தது. தோளின் கிண்ணம் மிக ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக்கூட அது மூடுவதில்லை. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையமும் தசைநார்களும் தசைகளுமே பிடித்து வைத்திருக்கின்றன. முன்பக்கமாக விலகும்போது அந்த வளையம் பெரும்பாலும் கிழிகிறது. உருண்டையின் பின்புறம் கிண்ண விளிம்பில் மோதிப் பள்ளமும் விழுகிறது. முதல் தடவை விலகும்போது வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு மறுபடி விலகும் வாய்ப்பு அதிகம். பதின்ம வயதினரே இதில் அதிகம் அகப்படுகிறார்கள்.

எனக்கும் அப்படியே நடந்தது. அடுத்த பருவத்தில் பந்தைத் தூர எறியும்போது விலகியது. பிறகு விழவும் வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் போட்டுப் புரண்டபோது, லண்டனில் குளிரங்கிக்குள் கையை நுழைத்தபோது என்று சாதாரண வேலைகளிலேயே நழுவத் தொடங்கியது. வலியைவிடக் கொடியது அந்தப் பயம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை உயரும்போதே தோள் 'வேண்டாம்' என்று இறுகிவிடும். பிள்ளைகளை வலது கையால் தூக்கி எறிந்து பிடித்து விளையாட எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை. அது இன்றும் மனதை வருத்துகிறது.

இறுதியில் சத்திரசிகிச்சை செய்து, கிழிந்த வளையத்தைக் கிண்ணத்தோடு தைத்தார்கள். 1923இல் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய நிபுணர் விவரித்த கிழிவு அது. அதன் பிறகு தோள் விலகவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியதும் மூட்டுத் தேய்மானம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை விலகியவர்களிலும் சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் இத்தேய்மானம் வருவதுண்டு. நல்லூரில் தேர் அசையும்போது எல்லோரும் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்புகிறார்கள். என் வலது கை நெற்றியோடு நின்றுவிடுகிறது.

பரியாரியார்மீதோ மாஸ்டர்மீதோ எனக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. தமக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார்கள். இன்று நமக்குக் கூடுதலாகத் தெரியும். எலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே பார்க்காமல் இழுக்கக்கூடாது. தோளின் வெளிப்புறம் மரத்துப்போனால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கட்டு அவிழ்ந்த பின் தோளைச் சுற்றிய தசைகளை மாதக்கணக்கில் வலுப்படுத்திய பிறகே பிள்ளையை ஆட்டத்துக்கு விடவேண்டும். மறுபடி விலகினால் எலும்பியல் நிபுணரிடம் காட்டத் தாமதிக்கக்கூடாது.

எமது பழைய மாணவர் சங்கம் பாடசாலை அணிகளுக்குச் சீருடையும் சப்பாத்தும் வாங்கப் பணம் அனுப்பிவருகிறது. அதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் ஓர் இயன்மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) பாடசாலைக்கு அழைத்துப் பயிற்றுநர்களுக்கும் அணித்தலைவர்களுக்கும் இவற்றைக் கற்பிக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழியவிருக்கிறேன். முதல் ஆண்டுச் செலவை நானே ஏற்கிறேன். வழிமொழிய விரும்பும் நண்பர்கள் கூட்டத்துக்கு முன்னரே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.